பஞ்சில் ஒரு சொட்டு

பாகாயத்து எலி அறைக்குச் சன்னல் கிடையாது.
உள்ளே எப்போதும் இருபத்திரண்டு டிகிரி.
வெளியே வேலூரின் மே மாதம்
தாரை உருக்கி டயரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பதினேழாம் கூண்டுச் சுண்டெலி
என் உள்ளங்கை நீளம்கூட இல்லை.
மூன்று வாரமாய்த் தனிக்கட்டை.
மூலைக்கு மூலை துளி மூத்திரம் வைத்துத்
தன் பேருக்குப் பட்டா எழுதிக்கொண்டவன்.

காயடித்த எலியொன்றை அவனிடம் விட்டேன்.
முகர்ந்தான். மீசையால் தொட்டுப் பார்த்தான்.
கொட்டாவி விட்டு மரத்தூளுக்குள் போய்விட்டான்.
'பத்து நிமிஷம், கடி ஜீரோ' என்று
எழுதிக்கொண்டார் டாக்டர் ஹெப்சிபா.

மறுநாளும் அதே எலிதான்.
ஒன்பதாம் கூண்டு முரடனின் மூத்திரத்தைப்
பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு
விலாவில் தடவச் சொன்னார்.
தடவினேன்.

முதலில் வால்தான் பேசியது,
கூண்டுத் தரையில் சடசடவென்று.
பதினோராவது நொடியில் பாய்ந்தான்.
திருப்பிக் கடிக்கவும் தெரியாத அதன்
முதுகில், வாலடியில், மறுபடி முதுகில்.
அட்டையைச் செருகிப் பிரித்தேன்.

'மூக்குக்குள் இன்னொரு மூக்கு உண்டு இதுகளுக்கு.
அதை அடைத்துவிட்டால் எவன் வந்தாலும் விருந்தாளி.
ரத்தத்தில் ஹார்மோன் வற்றினாலும்
இந்த ஆவேசம் பெரும்பாலும் போய்விடும், தயாளன்.'
நான் அயோடின் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாயங்கால பஸ்ஸில் கூட்டம்.
'பேரணாம்பட்டு ஒண்ணு' என்றேன்.
பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்தார்.
குளித்து, சட்டை மாற்றித்தான் கிளம்பியிருந்தேன்.
தோல் பதனிட எனக்குத் தெரியாது,
சித்தப்பாவுக்குத் தெரியும்.
அவர் மூக்குக்குள் போனது
ஊர்ப் பேர்தான்.

'எந்தத் தெரு தம்பி?' என்றார் அடுத்து.
சொன்னேன்.
குடியாத்தம் வருமுன்னே எழுந்து
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.
காலி சீட்டின் பக்கத்தில் நான்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்,
என் வலது கால்
பஸ் தகரத்தைத் தட்டிக்கொண்டேயிருந்தது
சடசடவென்று.
நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

இன்று கூண்டு மாற்றும் நாள்.
நாறும் மரத்தூளைக் கொட்டிவிட்டு
தூங்கின கூட்டுப் பஞ்சை மட்டும்
ஒரு பிடி எடுத்து வைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் புதுக் கூண்டில் சண்டை வரும்.
எடுத்து வைத்தேன்.

அந்தக் காயடித்த எலி
மூன்று நாளாய் நக்கிக்கொண்டே இருக்கிறது.
காயத்தை இல்லை,
பஞ்சு பட்ட இடத்தை.