எம்.ஓ. நாலு

புளியரை எஸ் வளைவில் மூன்றாம் முறையாக
பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறியதும்
மைதீன் பிச்சை தீர்த்துச் சொல்லிவிட்டார்:
"இனி ஈயம் வைக்க இடமில்லை.
வேற ரேடியேட்டர் பாருங்க."

அறுபத்தைந்தாம் வருஷத்து ஹெரால்டுக்கு.

தென்காசியில் சிரித்தார்கள்.
புனலூர்ப் பழைய இரும்புக் கடையில் ஒரு பையன்
அம்பாசிடருடையதை இழுத்துப் போட்டு
"அட்ஜஸ்ட் செய்யாம் சேட்டா" என்றான்.
நாலு விரற்கடை அகலம் கூட.

கடைசியில்
ஆரியங்காவு கலால் ஆபீஸின் பின்கட்டில் கண்டேன்:
அதே பித்தளைத் தலை, அதே வளைந்த கழுத்து.
கழுத்தில் அரக்கு முத்திரை.
காட்டுக்குள் எவனோ
சாராய ஆவியை இதில் ஆற்றியிருக்கிறான்.
குனிந்து முகர்ந்தேன்.
அன்னாசி.

"என்ன விலை சார்?"
"எம்.ஓ. நாலு" என்றார் பிரசன்னன்.
"கேஸ் தீரணும்."

ஒருவன் தலைமறைவு,
சாட்சி ஷார்ஜாவில்.

இப்போதெல்லாம் வாய்தாவுக்கு வாய்தா
பஸ் பிடித்து மலை தாண்டி
கோர்ட்டின் பின்பெஞ்சில் உட்காருகிறேன்.
பஸ்ஸும் அந்த வளைவில் முக்கும்;
எனக்குத்தான் தொண்டை வறளும்.

நேற்று மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்தார்:
"நிங்கள் ஆரா?"

எழுந்தேன்.
அளவு சரியாக இருக்கும்
என்பதைத் தவிர
சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.