கிலோ தொண்ணூறு காசு

பகாவ் பாமாயில் ஆலையில்
லாரிகளை நிறுத்துப் பதிகிற வேலை எனக்கு.
வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
கழித்தால் பழம்.
பதினேழு வருஷமாய் இந்த ஒரே கணக்கு.

நோன்பு மாதம். கடைசிக் குலை லாரி போய்
பாங்குக்குக் காத்திருந்த நேரம்
பழைய இரும்பு ஆ லெங் வந்தான்.
அவன் தராசு பழுதாம்.
"இன்னிக்கு மட்டும் தங்கச்சி."
இடித்த புகைக்கூடம் முழுக்க அவன் லாரியில்:
ரப்பர் ஷீட் அழுத்திய உருளைகள், தகரம்,
அடுப்புக் கதவு,
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரு மூக்கு.

பச்சையாய் இருந்திருக்க வேண்டும்.
வட்ட விளக்கு ஒன்று, இன்னொன்றின் குழி.
எம்ஜி மிட்ஜெட் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.
அன்றைக்குத் தெரிந்தது
அது என் மேசையைவிடக் கொஞ்சம்தான் உயரம் என்பது.

"இதையும் உருக்கவா?"
"கிலோ தொண்ணூறு காசு. அப்புறம் என்ன செய்ய?"
"இது மட்டும் எவ்வளவு வரும்?"
சிரித்தான். "நிறுத்துப் பாரேன்."

பேரீச்சம்பழம் இன்னும் கன்னத்தில் இருக்க
லோடரில் வந்து இறக்கிக் கொடுத்தான் ரம்லி.
நாற்பது டன் மேடையின் நடுவில்
காற்றிறங்கிய நாலு டயரில் நின்றது.
அறுநூற்று அறுபது.

"மண்ணுக்கு நான் காசு தரமாட்டேன்."
எட்டரை மணிவரை அள்ளினேன்:
சருகு, செம்மண், எலிக்கூடு,
எந்தக் கோழியோ அடைகாத்து மறந்த முட்டையோடு,
ஸ்டியரிங் இல்லாத பக்கத்து இருக்கை இடுக்கில்
ஒற்றைக் கம்மல், வெள்ளைக்கல்.
மறுபடி நிறுத்தோம். அறுநூற்றுப் பத்து.
ஐந்நூற்று நாற்பத்தொன்பது வெள்ளி.
ஐம்பதாக்கப் பார்த்தான் ஆ லெங்.
அந்த ஒரு வெள்ளியை நான் விடவில்லை.

இரும்புக்குச் சொந்தக்காரர் வேண்டாம்,
காடிக்கு வேண்டுமே.
துரையோடதுதான் என்றது ஊரே.
ஜேபிஜே முகப்பில் மூன்றாம் நாள் சொன்னார்கள்:
அருமைராஜ், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்.
செத்து இருபத்திரண்டு வருஷம்.
வாரிசு கையெழுத்து வேண்டும்.

சிரம்பானில் மூக்குக்கண்ணாடிக் கடை, மகன் செல்வின்.
கம்மலைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போனேன்,
அம்மாவுடையதாய் இருக்கும்,
கொடுத்தால் கையெழுத்து சுலபம் என்று
(நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம்).

அவர் தாளைப் படிக்கவே இல்லை.
"ரெண்டு பேர் உக்கார்ற காடி அது.
வீட்ல நாங்க ஆறு பேர்.
அம்மா ஒருநாளும் அதுல ஏறினதில்ல."
பேனா எழுதவில்லை. உதறி, அழுத்தி,
தாள் கிழியும்படி போட்டார்.
"ஓடுதா?"
"இல்லை."
"நல்லது."
கண்ணாடிக் கதவைத் திறந்தபோது பின்னால் குரல்:
"ஹாரன்ல ரெண்டு சுரம் வரும்.
அடிச்சுப் பார்த்தீங்கன்னா... சரி, போங்க."

முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.

இப்போது என் வீட்டுப் பின்கொட்டகையில் நிற்கிறது.
கார்புரேட்டருக்கு ஈப்போவில் ஒருவரோடு பேரம்,
அவர் கிலோ கணக்கில் விற்பவரல்ல.
"இதுல யாரைக் கூட்டிக்கிட்டுப் போவ?"
அக்கா கேட்டுவிட்டாள்.
பதில் சொல்லாமல் விளக்குக் குழியைத் தேய்த்தேன்.

ஒரு ஞாயிறு, ஆலை மூடியிருக்க,
கம்மலைத் தனியாக மேடையில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
எங்கள் தராசு பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.

அதன் சாம்பல் தட்டில் போட்டு மூடினேன்.
அந்த மூடி மட்டும்
இன்னும் இறுக்கமாய் மூடுகிறது.