நாற்பது விநாடி

திரும்பி வரும் பெட்டிகளை எண்ணுவது என் வேலை.
ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில்
பனிக்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர்,
மீன் ஆலை, மாடி அறை.

கீழே பெல்ட் ஓடும்.
அதை நிறுத்தும் பொத்தான்
மேற்பார்வையாளர் ஹால்கிரிமுரின்
கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது.
பொஷேனாவின் மணிக்கட்டு வலி
அங்கிருந்து தெரியாது.
சதைக்குள் கிடக்கும் முள்ளும் தெரியாது.

அக்டோபரில் ஆளுக்கொரு பொத்தான் வைத்தார்கள்,
இடுப்புயரத்தில், கையுறையோடு அமுக்கும்படி.
பதினொரு நாள் யாரும் தொடவில்லை.
சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று
போலிஷ் மொழியில் யாரோ சொன்னதாகக் கேள்வி.

பன்னிரண்டாம் நாள் பொஷேனா அமுக்கினாள்.
திடீரென்று வந்த அமைதி
மாடிப்படி ஏறி என் மேசைவரை வந்தது.
பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.
புரட்சி ஒன்றும் இல்லை.
கத்தியைத் தீட்டினாள்.
விரல்களை விரித்து மடக்கினாள், மறுபடி விரித்தாள்.
கூண்டைத் திறந்து ஓடிவந்த ஹால்கிரிமுர்
என்ன கேட்பதென்று தெரியாமல்
"காபி?" என்றார்.

நாற்பது விநாடி.

வருஷக் கடைசிக் கணக்கில்
முள் இருந்ததாகத் திரும்பிய பெட்டிகள் ஆறு.
போன வருஷம் முப்பத்தொன்று.
தலைநகரிலிருந்து வந்தவர்கள்
புது பெல்ட் பிரமாதம் என்று
படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
பெல்ட் பழசு.

எண்ண எனக்கு அதிகம் இல்லை இப்போது.
நேற்று கீழே இறங்கிப் போய்
என் மேசைக்கும் ஒரு பொத்தான் கேட்டேன்.
"அங்கே எதை நிறுத்தப் போகிறாய்?"
சிரித்தாள் மின்வேலை பார்க்கும் சோல்ரூன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
இன்னும் யோசிக்கிறேன்.