மிஸ் செல்லத்துரை

காலை ஐந்தே முக்காலுக்கு
லிஃப்ட் வாசலில் மாறிக்கொள்கிறோம்.
இரவு ஷிஃப்ட் முடிந்து அப்பா மேலே ஏற,
ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு
நான் வெளியே போக.

ஷார்ஜாவில் செப்டம்பர்.
விடியும் முன்பே முதுகில் சட்டை ஒட்டுகிறது.
முதல் வாரம் ஸ்வெட்டர் கொண்டுபோகவில்லை.
விரல் விறைத்து எழுதிய நோட்டில்
இன்டெக்ரல் ஒவ்வொன்றும்
குளிரில் நடுங்கும் மண்புழு.

அப்பாவுக்குச் சில்லர் ஆலையில் வேலை.
ராத்திரி முழுக்க
ஊருக்குக் குளிர்ந்த நீர் அனுப்புகிறார்.
எங்கள் வகுப்பின் குளிர்
வேறு யாருடைய அப்பாவோ அனுப்புவது.

விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன.
பெயர். குடும்பப் பெயர்.
எங்களுக்குக் குடும்பம் உண்டு,
அதற்குப் பெயர்தான் கிடையாது.
பாஸ்போர்ட்காரர்கள் என்றைக்கோ செய்ததையே
கல்லூரியும் செய்தது.
முன்னால் நறுமுகை, பின்னால் செல்லத்துரை.

கால்குலஸ் எடுக்கும் டாக்டர் ஃபத்ஹி
முன்னதை ஒருமுறை முயன்று பார்த்து
நாக்கைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.
"மிஸ் செல்லத்துரை?"

ஒன்பதாம் வகுப்போடு நின்ற மனிதர்
அன்றிலிருந்து தினமும் எட்டரை மணிக்குப்
பல்கலைக்கழகத்தில் அழைக்கப்படுகிறார்.
அந்நேரம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.
நான் கை தூக்குகிறேன்.

பள்ளியில் எல்லாம் சொல்லித் தந்தார்கள்,
எந்தக் கேள்விக்கு எத்தனை வரி என்பது வரை.
அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்,
இது பரீட்சைக்கு வருமா சார்?
"இன்ஷா அல்லாஹ்" என்றார்.
வகுப்பே சிரித்தது.
அது வந்தது.
அதைத்தான் நான் படிக்கவில்லை.

கதவில் ஒட்டிய தாளில்
குடும்பப் பெயர்கள் மட்டும்.
செல்லத்துரை, இருபதுக்கு ஆறு.
வாங்கியது நான்.
அந்தத் தாளில் தோற்றுப்போயிருந்தது அப்பா.
யாரும் பார்க்காதபோது சுரண்டினேன்.
நகத்தில் பசைதான் வந்தது.

வேகமாக வெளியேறினால்
மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.
இந்த ஊரில் கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும்
கதவுக்கு வெளியே ஒரு நிமிடம்
ஒன்றும் தெரியாமல் நிற்பார்கள்.
துடைத்தால் மறுபடி படரும்.
சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தில் இன்னொருத்தியும் நின்றிருந்தாள்,
முகம் தெரியவில்லை.
"எவ்வளவு?"
"ஆறு."
"பணக்காரி. எனக்கு நாலரை."

கண்ணாடி தெளிந்தபோது அவள் ரிஹாப்.
சூடான்காரி, பிறந்தது அஜ்மானில்,
கார்ட்டூமை வீடியோ காலில் மட்டும் பார்த்தவள்.
பெயர்க் கதையைச் சொன்னேன்.
"உனக்கு ஒருத்தர்தானே?
எனக்குப் பின்னால் அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா.
மூன்று ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்,
ஒருத்தருக்கும் கணக்கு வராது."

இப்போது நூலகம் மூடும்வரை இருவரும்.
பெட்ரோல் பங்கில் ஆளுக்கொரு கரக் டீ,
காகிதக் கோப்பையின் மேல் அவள் வரைந்த வளைகோடு.
நெருங்கும், நெருங்கிக்கொண்டே இருக்கும், தொடாது.
லிமிட் என்றால் என்ன என்று
அவளால்தான் எனக்குப் புரிந்தது:
மாலை ஆறு மணிக்கு
ஷார்ஜாவை நோக்கி வரும் எங்கள் பஸ்.

இன்று லிஃப்ட் வாசலில் அப்பா கேட்டார்,
கண் சிவந்து, தலைக்கவசத்தின் தடம் நெற்றியில்.
"காலேஜ்ல என்ன சொல்லுதாவ?"
"தெனமும் ஒங்க பேரத்தான் கூப்பிடுதாவ."

மூடப்போன கதவைக் காலால் தடுத்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்தார்.
"நான் என்ன சொன்னேன்?"

"வந்திருக்கேன்னு சொன்னீங்க."

தலையாட்டினார்,
அது சரியான விடைதான் என்பதுபோல.

அந்த ஆறை இன்னும் சொல்லவில்லை.
வியாழக்கிழமை அடுத்த தேர்வு.
நாலாம் மாடியில் யாரோ
பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.