நீர் மூலம்

மூன்றாம் மாத வரட்சி. கரடியனாற்றுச் சந்தியில்
பவுசர் வந்து நிற்கும்போது பதினொன்றரை.
கேன்களை எண்ணுவது நான்.
சாரதி ஒஸ்மண்ட் பொன்சேக்கா,
மட்டக்களப்புப் பறங்கி,
தமிழில்தான் ஒப்பமிடுவார்.

"பேரிலேயே பொன் வச்சிருக்கிறீங்க" என்றேன்.

குழாயை உதறிக்கொண்டே சிரித்தார்.
"அது கந்தோர்க்காரன் போட்ட பொன்.
எங்கட பாஷையில ஃபொந்தே எண்டா ஊத்து,
செக்கா எண்டா வத்திப்போனது.
எங்கேயோ ஒரு ஊரில கிணறு காஞ்சிருக்கு,
அந்த ஊர் ஆக்கள் நாங்கள்.
தங்கமோ தச்சுளியோ கொண்டு வந்திருக்கலாம்,
கப்பலேத்தினது இதை."

வரிசையில் நின்ற யோகம்மா
பாதிக் கேனைச் சரித்துக் காட்டினாள்:
"ஊத்துக்காரரே, இதென்ன கணக்கு?"
அவர் ஏணியில் ஏறித் தாங்கிக்குள் எட்டிப் பார்த்தார்.
அடியில் கிடந்ததை
வாளியால் அள்ளி இறக்கினார். கொஞ்சம் துரு.

படிவத்தில் 'நீர் மூலம்' என்றொரு கட்டம்.
உன்னிச்சைக் குளம் என்று எழுதுவது வழக்கம்.
இன்றைக்கு அவருடைய ஒப்பம்
ஈரக் கையில் நீண்டு
அந்தக் கட்டத்துக்குள் போய்விட்டது.

வேறு படிவம் இருந்தது.
திகதியை மட்டும் போட்டேன்.