அரை மாத்திரை

திங்கள் முதல் வெள்ளி வரை
தாரிங்காவின் இடது கால் சும்மா இருக்கிறது.
லூப்லியானா சுற்றுச்சாலை, காலை ஏழே முக்கால்,
லாரிக்குப் பின்னால் லாரி.
பிரேக்கை விட்டால் ஊர்கிறது, மிதித்தால் நிற்கிறது
சாம்பல் நிற ஆட்டோமேட்டிக் வேன்.
பின்பக்கம் பல் மருத்துவர்களுக்குப் போகிற
அச்சுப்பசைப் பெட்டிகள்.
ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் காபி.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
இந்த நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து
முழங்காலைத் தொலைத்தவர்களை அவளுக்குத் தெரியும்.

ஞாயிறன்று அந்தக் கால் விழித்துக்கொள்ளும்.

இத்ரியாவுக்கு மேலே நான்கு கிலோமீட்டர் மலைப்பாதை,
பதினொரு வளைவு,
ஓரமெல்லாம் வைக்கோல் பொதி, சாசேஜ் புகை.
தொடக்கக் கோட்டில் அவளுடைய சிவப்புச் சிறு கார்:
வயது முப்பத்தொன்று, கியர் ஐந்து.
குமிழில் எண்கள் அழிந்துவிட்டன.
உள்ளங்கை மட்டும் இன்னும் வாசிக்கும்.

அடுத்துப் புறப்பட நிற்கிறது உர்பானின் கார்.
மூன்றாவது பெடல் அதில் கிடையாது.
ஸ்டியரிங்குக்குக் காது முளைத்தாற்போல்
இரண்டு தகடுகள்; விரல் பட்டால் போதும்,
இரட்டைக் கிளட்ச் அடுத்த பல்லை
முன்கூட்டியே கவ்வி வைத்திருக்கும்.

கண் இமைத்தால் ஒரு மாத்திரை,
கை நொடித்தால் ஒரு மாத்திரை
என்று பொழுதை அளக்கும் மொழியில் சொன்னால்
அவன் கியர் மாற்றுவது ஒரு மெய்யெழுத்து.
அரை மாத்திரை. புள்ளி வைத்தாயிற்று.
அவளுடையது நெடில்:
கால் இறங்கி, கை இழுத்து,
எந்தக் கியரும் இல்லாத நடுவெளியைக் கடந்து
மறுபடி கால் எழும்வரை
இன்ஜின் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஏழாவது வளைவில் அந்த நெடில் அளபெடையாயிற்று.

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க வேண்டிய இடம்.
இடப்பக்கம் தள்ளிப் பிறகு கீழே இழுக்க வேண்டும்.
நேரே இழுத்துவிட்டாள்.
நான்கு.
கார் ஒருமுறை இருமியது,
கிழட்டு எருதுபோல் மேட்டைப் பார்த்துத் தயங்கியது.
பொதிமேல் உட்கார்ந்திருந்த ஒருவன்
தொப்பியைக் கழற்றினான்,
சவ ஊர்வலம் போகையில் கழற்றுவதுபோல.

நான்கு நொடி, அதற்கு மேல் பத்தில் இரண்டு:
உர்பானிடம் அவள் தோற்ற அளவு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
தாரிங்கா கூடத்தைப் பழிக்கவில்லை.
"கை என்னுடையது" என்றாள் நேரம் குறிப்பவரிடம்.
உர்பான் வந்து கை குலுக்கினான். நல்ல பையன்,
வியர்வைகூட இல்லை.
"ஏழாவது வளைவு உனக்கு எப்படி இருந்தது?"
அவன் உண்மையாகவே யோசித்தான்.
"எது ஏழாவது?"

திரும்பும்போது வேனை ஓட்டியவன் கோராஸ்து, அவள் கணவன்.
பின்னால் டிரெய்லரில் பட்டைகள் இறுகக் கட்டிய சிவப்பு.
இறக்கத்தில் வேன் தானே இறங்கியது
ஆறு, ஐந்து, நான்கு,
யாரையும் கேட்காமல், சரியான இடத்தில்.
ஒருமுறைகூடத் தவறவில்லை.
எரிச்சலோடு எண்ணிக்கொண்டு வந்தாள்.
ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால்
அவளுடைய இடது கால்
பெடல் இல்லாத விரிப்பை மிதித்தது.

கோராஸ்தின் வலது கைக்கு வேலையில்லை.
ரேடியோவைக் கொஞ்சம் திருகியது,
கண்ணாடியைத் துடைத்தது,
பிறகு வந்து உட்கார்ந்தது
மிதித்துக்கொண்டிருந்த அந்த முழங்காலின் மேல்.
"நியூட்ரல்" என்றான்.

சிவப்புக் காரில் அவன் ஓட்டிய காலத்தில்
அந்தக் கை இப்படி வந்ததுண்டு.
தங்கியதில்லை.
மேடு ஒன்று வந்தால் எழுந்து போய்விடும்.

இப்போது மேடு வந்தது.
கை அங்கேயே இருந்தது.
ஒன்றிரண்டு கிலோமீட்டர் பேசாமல் போனார்கள்.
பிறகு தாரிங்கா அவன் முஷ்டிமேல்
தன் உள்ளங்கையைக் கவிழ்த்தாள்.
இடப்பக்கம் தள்ளி,
அவசரப்படாமல்,
கீழே.

இரண்டு.
விழுந்தது.