நீரை உள்ளே நிறுத்துவது

புதன் இரவுகளில் குளத்தை வடிப்போம்,
நானும் ஒரு நீளத் துடைப்பமும்.
பாசி கணுக்கால் உயரத்தில்தான் பிடிக்கும்,
யார் கண்ணும் போகாத இடமாகப் பார்த்து.

ஆல்டர் ஃபெரிக்கு ஒரே ஒரு தெரு,
ஒரு பெட்ரோல் நிலையம், பிறகு மலை.
மலையின் வயிற்றிலிருந்து வருகிறது
அழுகின முட்டை மணக்கும் சுடுநீர்.
கல்கரியிலிருந்து வார இறுதிக்கு வருகிறவர்கள்
பியர் கேனைப் பனிக்குள் புதைத்துவிட்டு இறங்குவார்கள்.
"ஜப்பானில் இருக்கிற மாதிரியே இருக்கு."
இருக்கும்.

பழைய கொதிகலன் அறையைப் பிரித்தபோது
தகரப் பெட்டிக்குள் ஒரு பேரேடு கிடைத்தது.
வாசித்துச் சொல்ல வந்தவள் கிளேர் ஹிரானோ,
வான்கூவரில் பல் வைத்தியர்.
எழுத்துகளைத் தடவித் தடவித்தான் படித்தாள்,
முப்பது வயதில் மாலை வகுப்பில் கற்ற மொழி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு.
கடற்கரையிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் போ என்றது அரசு.
குமாகிச்சி ஓனோ என்றொரு மீன்பிடிகாரன்.
அவன் படகைக் கடற்படை இழுத்துப்போனது,
பிறகு விற்றது,
வந்த பணத்தில் இழுத்த கூலியையும் கழித்துக்கொண்டது.

நீரடித்து நீர் விலகாது என்போம்.
பலகை அடித்தால் விலகும்:
பதினான்கு அடிக்கு இருபத்தெட்டு,
ஒரு குடிசை, இரண்டு குடும்பம்.
பச்சை மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க
இடுக்கு வழியே பனி உள்ளே வந்து படுத்தது.

அந்த முதல் குளிர்காலத்தில் ஓனோ தொட்டி கட்டினான்.
சிடார் பலகை. இடுக்குக்குச் சணல், தார்.
இருபது வருடம்
நீரை வெளியே நிறுத்திய கை
நீரை உள்ளே நிறுத்தியது.
வேலை ஒன்றுதான், பக்கம்தான் வேறு.
மரக்குழாய் வழியே மலையைக் கூப்பிட்டான்.
வந்தது.

பேரேட்டில் கோபத்தைத் தேடினேன். இல்லை.
இருப்பது இவ்வளவுதான்:
குடிசை 31, பெண்கள், ஆறு பத்து.
குடிசை 32, பெண்கள், ஆறு முப்பது.
சவர்க்காரம் முடிகிறது.
கைக்குழந்தை, முதல் தடவை. அழவில்லை.
பெப்ரவரி பதினொன்று: போலீஸ்காரர் சோதனைக்கு வந்தார்.
பெப்ரவரி பதினெட்டு: போலீஸ்காரர் சோதனைக்கு வந்தார்,
துண்டோடு.
முதலில் வெளியே நின்று உடம்பைக் கழுவச் சொன்னோம்.
கழுவினார்.

கிளேர் இந்த இடத்தில் சிரித்தாள்.
சிரித்துவிட்டு மூக்குக் கண்ணாடியை
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் நான் சொல்லவில்லை:
கிளிவெட்டி முகாமில் எங்கள் வரிசை எண் 212.
பவுசர் வரும். ஆளுக்கொரு வாளி.
தறப்பாள் மறைப்புக்குள், உடுப்போடு குளிப்பு.
பஸ் ஓடுகிற நாளென்றால் கன்னியாவுக்கு அரைநாள்;
ஏழு கிணறு, ஏழு சூடு,
செத்தவர் கடனைக் கழிக்க நாங்கள் போகிற நீர்.
பஸ் ஓடவில்லை.
அப்பாவின் அந்தியேட்டி அந்த வாளியில் முடிந்தது,
சூடாக்க விறகும் கிடைக்கவில்லை.
சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள், நல்லவள்.
ஆனால் ஒரு தொட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு குடும்பம்.
அது ஓனோ வைத்த விதி.

கடைசிப் பக்கம், நாற்பத்தாறு, ஓகஸ்ட்.
மலைத்தொடருக்குக் கிழக்கேயா, ஜப்பானா,
ஒன்றில் கையெழுத்து வை என்று கேட்டிருந்தார்கள்.
எதில் வைத்தான் என்று எழுதவில்லை.
ஆள் மூன்று. சூடு நல்லது. ஒழுகல் இல்லை.

நானும் தினம் எழுதுகிறேன்:
முப்பத்தொன்பது பாகை, குளோரின் சரி,
'வேறு குறிப்பு' என்ற கட்டத்தில் ஒரு கோடு.

தொட்டிப் பலகையை யாரோ கொண்டுபோய்க்
கோழிக்கூடு அடித்தார்களாம்.
விட்டேக்கர் வீட்டுப் பின்பக்கம் இன்னும் நிற்கிறது.
அடைமழை நாளாகப் பார்த்துப் போனேன்.
சேவல் என்னை மேலும் கீழும் சோதனை போட்டது.
தார் கறுத்த இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தேன்.
கோழிகள் நனையவில்லை.